வேகம் பிறவிச் சொத்தா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பழைய கல்லூரி விளையாட்டு வீரர்களைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த வீரர் ஜிம் தோர்ப்பின் சாதனைகளை எடுத்துரைத்த கட்டுரையாளர், அவருடைய வேகத்துக்குப் பூர்வகுடி இரத்தமே காரணம் என்று முடித்திருப்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்தில், 1905 வரை வேகத்துக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. மூன்று முயற்சிகளில் ஐந்து கெஜம் முன்னேறினால் போதும் என்பதால், கனத்த உடம்புக்காரர்கள் திரண்டு நின்று எதிரணியை முட்டித் தள்ளுவதே ஆட்டமாக இருந்தது. மாணவர்கள் உயிரிழக்கும் அளவுக்கு அது முற்றியபோது, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். 1906இல் விதிகள் மாறின. அதே மூன்று முயற்சிகளில் பத்து கெஜம் முன்னேற வேண்டும் என்றானது. பந்தை முன்னோக்கி வீசவும் அனுமதி கிடைத்தது. ஓடத் தெரிந்தவனுக்கு அதன் பிறகுதான் திடலில் இடம் உண்டானது.

அந்த இடத்தை நன்கு பயன்படுத்திக்கொண்டது தோர்ப் படித்த கார்லைல் பள்ளி. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தாய்மொழியை மறக்கச் செய்வதற்கென்றே நடத்தப்பட்ட தங்கும் பள்ளி அது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். அங்கே காற்பந்துக்கும் திடல்தடத்துக்கும் பாப் வார்னர் ஒருவரே பயிற்றுநர். ஓட்டப்பந்தயத்தில் பழகிய கால்களே காற்பந்திலும் இறங்கின. 1907இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26-6 என்று கார்லைல் வீழ்த்திய ஆண்டில் அந்த அணியில் ஆடிய ஃபிராங்க் மவுண்ட் பிளசன்ட், மறு ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலில் ஆறாவதாக வந்தவர். 1912இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியை 27-6 என்று வென்றபோது, எதிரணியில் பின்னாளில் அதிபரான ஐசன்ஹோவரும் இருந்தார்.

அதே ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் பத்து அம்சப் போட்டியில் தோர்ப் 100 மீட்டரை 11.2 வினாடியிலும், 110 மீட்டர் தடையோட்டத்தை 15.6 வினாடியிலும், 1500 மீட்டரை 4 நிமிடம் 40.1 வினாடியிலும் ஓடினார். கரித்தூள் பரப்பிய தடம்; காலை ஊன்றிக் கிளம்ப இன்றுள்ள கட்டைகள் கிடையாது, ஓட்டக்காரர்களே மண்ணில் குழி தோண்டிக்கொள்வார்கள். தம்முடைய சப்பாத்து காணாமற்போக, ஜோடி சேராத சப்பாத்துகளை மாட்டிக்கொண்டு அவர் களமிறங்கியதாகவும் சொல்வார்கள். இவற்றுள் 15.6 என்ற எண்ணைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையே மூன்றே எட்டுகளை மாறாமல் வைப்பது எந்த இரத்தத்திலும் ஊறி வருவதன்று. மீண்டும் மீண்டும் ஓடிப் பழகினால்தான் கைகூடும்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. மலேசியாவில் எங்கள் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் வேகமாக ஓடும் பிள்ளையைப் பார்த்தால் "அவனுக்கு அது பிறவியிலேயே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது மட்டும் செம்பனைக் காட்டோரத் திடலில் இறக்கி விடுகிறோம். மருத்துவம் படித்துக்கொண்டே ஆசியாவின் வேக மனிதரான நம் நாட்டு மணி ஜெகதீசனும், 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வென்ற எம். ராஜாமணியும் அப்படி உருவானவர்கள் அல்லர்.

தங்களிடம் ஒரு கோரிக்கை. மாவட்டத் திடல்தடப் போட்டிகளின் முடிவுகளை வெளியிடும்போது பரிசு பெற்ற பிள்ளைகளின் பெயர், படத்தோடு அவர்கள் ஓடிய நேரத்தையும் தாண்டிய தூரத்தையும் அச்சிடுங்கள். சென்ற ஆண்டைவிட எத்தனை வினாடி குறைந்தது என்று பிள்ளையும் பயிற்றுநரும் பார்த்துக்கொள்ள எங்கள் பள்ளிகள் பலவற்றில் இப்போது ஒரு பதிவும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.