மேற்குச் சுவரில் கையை வைத்துப் பார்

அன்புள்ள கயலுக்கு,

நீங்கள் வாங்கப் பார்க்கும் இரண்டு ஃபிளாட்டுக்கும் நீ அனுப்பிய பிளானை அம்மாவும் நானும் மேசையில் விரித்துப் பார்த்தோம். பில்டர் தந்த புத்தகத்தில் எல்இடி விளக்கு, ஐந்து நட்சத்திர ஏசி, 'பசுமை வீடு' என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. விளக்கையும் ஏசியையும் நாளைக்கே கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். சாவி கைக்கு வந்தபின் மாற்ற முடியாதவை சுவரும், ஜன்னலும், ஏசியின் அவுட்டோர் யூனிட் வைக்கும் இடமும். அவற்றைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

ஒன்பதாவது மாடி வீடு மைவான் கட்டுமானம். அலுமினிய அச்சில் ஊற்றிய 160 மி.மீ. கான்கிரீட் சுவர். உறுதிக்குக் குறைவில்லை, பூச்சு வேலையும் மிச்சம். ஆனால் கான்கிரீட், செங்கல்லைப் போல இரண்டு மடங்கு வெப்பத்தைக் கடத்தும். மதியமெல்லாம் குடித்த வெயிலை நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில் அறைக்குள் விடும். அந்த வீட்டின் பெரிய படுக்கையறையோ மேற்குப் பார்த்தது. ஏசி போட்டாலும் முதலில் அது சுவரோடுதான் மல்லுக்கட்டும்.

நான்காவது மாடி வீட்டுக்கு 200 மி.மீ. ஏஏசி பிளாக் என்ற லேசான கட்டுமானக் கல். உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழிகள். கான்கிரீட் கடத்துவதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் கடத்தும். அதற்கும் ஒரு வியாதி உண்டு. பிளாக்கை ஈரத்தோடு வைத்துக் கட்டினால் உலரும்போது சுருங்கி, தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் நேர்கோடாக விரிசல் விடும். வெளிச்சுவரில் விட்டால் ஐப்பசி மழை உள்ளே வந்துவிடும். அந்தச் சேர்க்கையில் மெஷ் என்ற வலையை அடித்துப் பூசினார்களா என்று மேஸ்திரியையே கேள். விற்பனைப் பிரிவு ஆளுக்கு அது தெரியாது.

ஜன்னலில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஐந்துக்கு நான்கு அடி என்றால் 20 சதுர அடி என்று நினைப்போம். இரண்டு தட ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கதவு எப்போதும் இன்னொன்றை மறைத்து நிற்கும். திறப்பது 10 சதுர அடிதான். கீல் வைத்த கதவு என்றால் கிட்டத்தட்ட முழுசும் திறக்கும். 2018இல் மத்திய எரிசக்தித் திறன் ஆணையம் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புக் கட்டட விதி, சென்னை மாதிரிப் புழுக்கமான ஊருக்கு, திறக்கும் பரப்பு கார்பெட் ஏரியாவில், அதாவது சுவருக்குள் நாம் புழங்கும் தரைப் பரப்பில், ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்கிறது. 900 சதுர அடி வீட்டுக்கு 150. பால்கனிக் கதவும் வென்டிலேட்டரும் இதில் சேரும். பிளானை வைத்து நீயே கூட்டிப் பார். அதே விதியில் வெளிச்சுவர், ஜன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்கும் ஒரு வரம்பு உண்டு: அதை அளக்கும் ஆர்இடிவி என்ற எண், சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. 'உங்கள் கட்டடத்துக்கு எவ்வளவு?' என்று கேள். கணக்குப் போட்டவர்கள் எண்ணைச் சொல்வார்கள். போடாதவர்கள் நீச்சல் குளத்தைக் காட்டுவார்கள்.

ஒன்பதாவது மாடி பிளானில் அவுட்டோர் யூனிட்டை மூன்றடி அகலச் சந்தில், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கீழ்வீட்டு யூனிட் கக்கும் சூட்டை மேல்வீட்டு யூனிட் இழுக்கும். அங்கே எத்தனை நட்சத்திர ஏசி மாட்டினாலும் நட்சத்திரத்துக்கு வேலையில்லை.

இனிக் காசுக் கணக்கு. சாதாரண ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் 30 வாட். ஐந்து ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 162 யூனிட் மிச்சம். நம் மின்வாரியக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு, மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டின் விலையும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பதில்தான் லாபம். புயலில் கரண்ட் போனாலும் அதே இன்வெர்ட்டர் பேட்டரியில் இந்த ஃபேன்கள் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஓடும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நான்காவது மாடி வீடு மூன்று லட்சம் கூடுதல். இருபது வருஷக் கடனில் எட்டரை சதவீத வட்டிக்கு அது மாதம் சுமார் 2,600 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் மிஞ்சினாலும் மாதத்துக்கு ஆயிரத்தைச் சுற்றித்தான் வரும். கரண்ட் பில்லை மட்டும் பார்த்தால் கட்டுப்படியாகாது. மீதிப் பணம் சித்திரையிலும் குழந்தை அசந்து தூங்குவதற்கு. எங்களைக் கேட்டால் கொடுக்கலாம்.

மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் சோலார் உன் கையில் இல்லை. சங்கம் சேர்ந்து பொது இணைப்புக்குப் போட்டால் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் வரை கிடைக்கும். லிஃப்ட், பம்ப் செலவு குறைந்து மெயின்டனன்ஸும் இறங்கும். தண்ணீர்த் தொட்டி நிழல் விழாத இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வை.

சுவரின் வகை, கனம், ஜன்னல் வகை எல்லாம் ஒப்பந்த இணைப்பில் எழுத்தில் வரவேண்டும். ரெரா என்ற ரியல் எஸ்டேட் சட்டப்படி, சாவி தந்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் உங்களிடம் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். எழுத்தில் இருந்தால் வாதாடுவது சுலபம்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மாலை ஐந்து மணிக்குப் போங்கள். இரண்டு வீட்டிலும் மேற்குச் சுவரின் உட்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ராத்திரி போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா