உறவுமுறை என்ற கட்டம்

அம்மாப்பேட்டை, சேலம்
28.7.2025

அன்புள்ள அருள்,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. உடனே பதில் எழுதியிருந்தால் சூடாக எழுதியிருப்பேன், அதனால்தான் ஆறப்போட்டேன். அதிலும் ஒரு நன்மை: இடையில் ஒருநாள் ஏற்காட்டுக்குப் போய்வந்துவிட்டேன். அந்தச் சேதி கடைசியில். அதற்கு உன் கையெழுத்து ஒன்று தேவைப்படுகிறது.

இங்கே ஆடி மாதம் வழக்கம்போல ஊரையே தூக்கி நிறுத்திவிட்டது. கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் ஆட்டோ போவதில்லை. குகைப் பகுதியில் சாமி வேஷம் கட்டிப் போகும் வண்டி வேடிக்கை ஊர்வலத்துக்கு எதிர்வீட்டுப் பையன் பார்வதி வேஷம் போடப் போகிறானாம், மீசையை எடுக்க மாட்டேன் என்று அவன் அம்மாவிடம் சண்டை. வலது கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள். எழுத்து தெளிவாகத் தெரிகிறது, அதனால் உன் கையெழுத்து எவ்வளவு மோசம் என்பதும் தெரிந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். மே 22-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பற்றி, "கல்யாணம் இல்லாமலே குடும்பமாம், நாளைக்கு இதையே கல்யாணம் என்பார்கள்" என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். தீர்ப்பைப் படித்தாயா, ஜெபக்குழுவில் யாரோ அனுப்பிய நாலு வரியைப் படித்தாயா? அது ஆட்கொணர்வு மனு. இருபத்தைந்து வயதுப் பெண்ணை வீட்டார் பிடித்துவைத்திருந்தார்கள். அடித்தார்கள், 'சரியாக்க' ஏதோ சடங்குகளும் செய்தார்கள். அவளுடைய தோழி நீதிமன்றத்துக்குப் போனாள். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணிடமே கேட்டு, அவள் விருப்பப்படி போக விட்டார்கள். தன்பாலினர் திருமணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டுதான், குடும்பம் அமைய திருமணம் ஒன்றுதான் வழி என்று இல்லை என்றார்கள். நீ வயது வந்த மூன்று பெண்களைப் பெற்றவன். இதில் உனக்கு எந்த வரி உறுத்துகிறது?

உன் பயம் மே மாதத்துப் பயம் இல்லை, 2023-இல் பிடித்தது. அந்த ஏப்ரல் 18 முதல் மே 11 வரை, பத்து நாள், உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் முன்னால் தன்பாலினர் திருமண வழக்கு நடந்தபோது உங்கள் கோயம்புத்தூர் ஜெபக்குழுவில் அதை எதிர்த்து மனு சுற்றியது, நீயும் கையெழுத்துப் போட்டாய். மறைக்காமல் எழுதினாய், அது உன் குணம். எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் ஜமியத் உலமா ஒரு பக்கம், சாமியார்களின் சந்த் சமிதி ஒரு பக்கம், திருச்சபைகளின் கூட்டமைப்பு ஒரு பக்கம். ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுக்காதவர்கள், கொடுக்காதவர்கள், ஒரே பந்தியில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைக் காப்பாற்றப் போய் 2013-இல் தீர்ப்பான வழக்கிலும் இதே கூட்டணிதான். ஒரு ஜோசியர், அப்போஸ்தலத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, முஸ்லிம் தனிச்சட்ட வாரியம். நம் ஊரில் ஒரு தெருக்குழாய்க்கு இப்படி ஒற்றுமையாக நின்றிருந்தால் காவிரித் தண்ணீர் நாலு நாளைக்கு முன்பே வந்திருக்கும்.

நீ நின்ற பக்கம்தான் ஜெயித்தது, அதை நான் மறுக்கவில்லை. 2023 அக்டோபர் 17-இல், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்று ஐந்து பேரும் சொன்னார்கள். சேர்ந்து வாழ்வதற்குச் சட்ட அங்கீகாரமாவது தரலாம் என்று சந்திரசூட்டும் கவுலும் சொல்ல, மற்ற மூவரும் அதையும் ஏற்கவில்லை. மறுசீராய்வு மனுக்களும் இந்த ஜனவரியில் தள்ளுபடி. ஆனால் அருள், உன் வேதம் சொல்கிறது என்பதற்காக அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. இது நாடாளுமன்றத்தின் வேலை, எங்கள் வேலை அல்ல என்றார்கள். வெற்றியை உன் ஜெபக்குழுவின் கணக்கில் வரவு வைக்காதே.

நான் முப்பது வருஷம் சார்பதிவாளர் அலுவலகங்களில் பேனா பிடித்தவன். எனக்குத் தெரிந்த இடத்திலிருந்துதான் பேச முடியும். 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்தால் அதை அலுவலகப் பலகையில் ஒட்டவேண்டும். முப்பது நாள் காத்திருக்கவேண்டும். உங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கிறீர்களே, அதேதான், எங்களுடையது சுவரில் தொங்கும் ஓலை. அந்தப் பலகையைப் படிக்கவென்றே வருகிறவர்கள் இருந்தார்கள். எல்லா மதத்திலும் இருந்தார்கள். கீழே கையெழுத்துப் போடாமல், பெயரை மட்டும் குறித்துக்கொண்டு போவார்கள். மறுநாள் பெண்ணின் சித்தப்பா வந்து நிற்பார். "ஆட்சேபணை தெரிவிக்கிறேன்." எந்தக் காரணத்துக்கு என்று கேட்பேன். "எங்கள் மதத்துக்கு ஆகாது." நான் சட்டப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டுவேன். ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிருடன் இருக்கக் கூடாது, சித்த சுவாதீனம் வேண்டும், ஆணுக்கு இருபத்தொன்று, பெண்ணுக்குப் பதினெட்டு, விலக்கப்பட்ட உறவு கூடாது. "இதில் 'மதத்துக்கு ஆகாது' எங்கே இருக்கிறது, சித்தப்பா, நீங்களே படித்துக் காட்டுங்கள்" என்பேன். ஒருவர் உண்மையாகவே கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார், பாவம்.

அந்தச் சட்டத்துக்கு 1872-இல் ஓர் அண்ணன் இருந்தது தெரியுமா? அதில் பதிவு செய்யவேண்டுமானால் 'நான் இந்து அல்ல, கிறிஸ்தவன் அல்ல, முஸ்லிம் அல்ல' என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அன்றைய மதத்தலைவர்களின் கூச்சலுக்குப் பயந்து ஆங்கிலேயன் கண்டுபிடித்த வழி: எங்கள் வாசலைத் தாண்டிப் போனபின் என்னவோ செய்துகொள் என்பது. 1954-இல்தான் அந்த உறுதிமொழி முழுதாக ஒழிந்தது. வானம் இடிந்து விழவில்லை. உங்கள் திருச்சபை விவாகரத்தை ஏற்பதில்லை. அதே சட்டத்தில் விவாகரத்துக்கு ஒரு பிரிவு இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி எந்த ஜெபக்குழுவிலாவது மனு சுற்றியதா? திருமணம் உனக்குத் திருவருட்சாதனம், கடவுள் அருள் தரும் புனிதச் சடங்கு. என் மேஜைக்கு வந்த திருமணம் எதுவும் அருட்சாதனமாக இருந்ததில்லை. மூன்று சாட்சி, ஒரு பதிவேடு, ஒரு முத்திரை. பீடத்தை யாரும் கேட்கவில்லை, பதிவேட்டைத்தான் கேட்கிறார்கள்.

என் வீட்டுக் கதை உனக்குத் தெரியும், ஆனாலும் மறந்ததுபோல் எழுதுகிறாய். 1944 ஆகஸ்டில் இதே சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமான மாநாட்டுக்குத் தறியை நிறுத்திவிட்டுப் போனவர் என் அப்பா. 1949-இல் ஐயர் இல்லாமல், அக்கினி இல்லாமல், மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டார். தாத்தா பேச்சை நிறுத்தினார். 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. அண்ணா வந்து 1967-இல் சட்டம் போட்டு, முன்பு நடந்தவையும் செல்லும் என்று ஆக்கும்வரை நான் சட்டப்படி யார் பிள்ளை என்று எனக்கே தெரியாது. செய்தி வந்த அன்று அப்பா செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு பொட்டலம் ஜாங்கிரி வாங்கிவந்து, "இன்றுமுதல் நீ என் பெண்டாட்டி" என்றார் அம்மாவிடம். "அப்படியானால் பதினெட்டு வருஷமாய் யாருக்குச் சோறு வடித்தேன்?" என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். ஜாங்கிரியை நான்தான் தின்றேன்.

"அங்கே ஆணும் பெண்ணும்தானே" என்பாய். ஆமாம். அந்த வித்தியாசம் சின்னதல்ல, அதைப் பூசி மெழுக மாட்டேன். திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரரைத் துணைக்கு அழைக்கவும் மாட்டேன். அவர் பாதி ஆண் பாதி பெண், உனக்குத்தான் சாட்சி சொல்வார். என் பேச்சு வேறு. மந்திரம் ஓதாதது கல்யாணமே இல்லை என்று அன்றைக்குச் சொன்னவர்களும் மனதார நம்பித்தான் சொன்னார்கள். ஆனால் 1967-க்குப் பிறகு எந்த ஐயருக்கும் வேலை போகவில்லை. என் தம்பியே தன் பெண்ணுக்கு மூன்று புரோகிதர்களை வைத்து நடத்தினான்.

எங்கள் ஆட்களும் யோக்கியர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிப்பகத்தில் இந்தப் பேச்சை எடுத்தபோது, கடவுளை நாற்பது வருஷமாய்த் திட்டிவருகிறவர் ஒருவர், "இது மேல்தட்டு வியாதி" என்றார். டெல்லியில் மத்திய அரசும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னது, நகர்ப்புற மேட்டுக்குடியின் பார்வை என்று. அதைக் கேட்டபோதுதான் எனக்கு நம் ஏற்காட்டு நர்ஸம்மா நினைவுக்கு வந்தார்.

நீயும் மறந்திருக்க மாட்டாய். ஓய்வுபெற்ற நர்ஸும் தையல் கடை வைத்திருந்த அந்தப் பெண்ணும். 1993-இல் மலையிலிருந்து பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, என் மேஜைக்கு வந்தார்கள். நர்ஸம்மாவுக்கு வாந்தி, முகம் வெளுத்திருந்தது. உயில் பதியவேண்டும், இரண்டு அறை வீட்டைத் தையல்காரப் பெண்ணுக்கு எழுதவேண்டும். பத்திர எழுத்தர் கேட்டார், "என்ன உறவு?" இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்கள். கடைசியில் எழுத்தரே 'அபிமான சகோதரி' என்று எழுதினார். நம் பத்திரத் தமிழில் எதற்கும் ஒரு சொல் உண்டு. அன்று இரவு நான் இதை வேடிக்கையாக என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அந்த அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்களா?" என்று மட்டும் கேட்டாள். கொடுக்கவில்லை.

உயில் இருந்தும் 1999-இல் நர்ஸம்மா போனபின் அண்ணன் பிள்ளைகள் வழக்குப் போட்டு ஆறு வருஷம் இழுத்தார்கள். கட்டியவள் என்றால் அந்த வீட்டில் அவள் உரிமையை இப்படிக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். இன்றைக்கும் குடும்பத்தாருக்குச் செட்டில்மெண்ட் எழுதினால் முத்திரைத் தீர்வையில் சலுகை, இவள் மாதிரி ஒருத்திக்கு எழுதினால் வேற்றாளின் தீர்வைதான். நீ 'கலாச்சாரம்' என்று எழுதுகிற இடத்திலெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் தெரிகிறது.

அடக்கத்தன்று நீ கோயில் நிர்வாகத்தில், பங்குப் பேரவைச் செயலாளர். நானும் வந்திருந்தேன், சாரல் அடித்துக்கொண்டிருந்தது. முதல் பிடி மண் போட அண்ணன் பிள்ளை கையை நீட்டினான். நீ அவனைத் தாண்டிப் போய், கூட்டத்துக்குப் பின்னால் குடை இல்லாமல் நின்றவளைக் கூப்பிட்டு அவள் கையில் மண்ணைக் கொடுத்தாய். யாரும் உன்னை எதுவும் கேட்கவில்லை. பங்குத் தந்தை தலையைக் குனிந்துகொண்டார். உனக்கு அன்று எந்த வேத வசனமும் தேவைப்படவில்லை. 2023 டிசம்பரில் ரோமாபுரியிலிருந்து வந்த ஆவணத்தைக் கண்டு நீ கொதித்தாயே, அதுவும் இதைவிட அதிகமாக ஒன்றும் சொல்லவில்லை. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான், அதில் மாற்றமில்லை, ஆனால் வந்து நிற்கிற இருவரைச் சடங்கில்லாமல் ஆசீர்வதிக்கலாம் என்றது. நீ அதை இருபத்து நாலு வருஷத்துக்கு முன்பே செய்துவிட்டாய்.

இப்போது என் பயணச் சேதி. பேரன் காரில் கூட்டிப்போனான். காப்பித் தோட்டங்களில் பாதி விடுதியாகிவிட்டது, ஏரிப் பக்கம் நிற்க இடமில்லை. அந்தப் பெண் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். பெண் என்ன, எழுபது தாண்டிவிட்டது. தையல் மெஷின் மேல் துணி போர்த்தியிருக்கிறது. உன்னைத்தான் முதலில் விசாரித்தாள், உன் மனைவியின் மூட்டுவலி வரை நினைவு வைத்திருக்கிறாள். பங்கு அலுவலகத்தில் கல்லறைகளைக் கணக்கெடுக்கிறார்களாம். பழைய குழியில் இன்னொருவரை வைக்கவேண்டுமானால் இறந்தவருக்கு உறவு என்று காட்டவேண்டுமாம். இவள் இரண்டு முறை போய், இரண்டு முறையும் திருப்பி அனுப்பப்பட்டாள். புதிதாக வந்திருக்கும் பையன், அவனுக்கு எதுவும் தெரியாது, கோபித்துப் பயனில்லை. பேரவையில் முன்பு இருந்த யாராவது எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றானாம்.

அன்றைய பேரவையில் உயிரோடு இருப்பவன் நீ ஒருவன்தான். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பெயர், முகவரி, அடக்க எண் எல்லாம் நான் நிரப்பிவிட்டேன். உறவுமுறை என்ற கட்டத்தைத் தொடவில்லை, அபிமான சகோதரியை மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. நீ எதை எழுதுவாயோ எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பு. ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருவிழாவுக்கு முன் கொடுத்துவிட்டால் நல்லது என்றாள்.

தட்டுவடை ஒரு பொட்டலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். உன் பல்லுக்கு ஆகாது, பேத்திக்குக் கொடு.

உன்,
நடேசன்