உடைந்த கல்லின் அளவையும் குறித்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குவாரி வெடியில் வீடு அதிர்கிறது என்று எழுதும் வாசகர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: வெடிமருந்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் வெடிக்கிற மருந்து கூடினால் அதிர்வு கூடும், மறுக்கவில்லை. ஆனால் க.பரமத்தி பக்கம் 31 வருடம் பிளாஸ்டராக, அதாவது பாறைக்கு வெடி வைப்பவனாக, இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கணக்கு அதோடு முடிவதில்லை.

ஒருமுறை முதலாளி சிக்கனம் பார்த்து, மருந்து நிரப்பும் குழிகளைத் தள்ளித் தள்ளிப் போடச் சொன்னார். முன்வரிசைக் குழிக்கும் பாறை முகப்புக்கும் இடையே இருக்கும் தூரம், நாங்கள் பர்டன் என்போம், ஒரு மீட்டர் கூடிப்போனது. மருந்து குறைந்தது உண்மைதான். கல் முன்னால் நகர வழியில்லாததால் விசையெல்லாம் தரைக்குள் இறங்கியது. அன்றைக்குத்தான் டீக்கடைக்காரர் உடைந்த டம்ளரோடு வந்து நின்றார். குவியலில் கிடந்ததோ ஆட்டோ அளவு போல்டர்கள், அதாவது உடையாத பெரும் பாறைத் துண்டுகள். அவற்றை உடைக்கும் ராக் பிரேக்கர் இயந்திரம் மூன்று நாள் கொத்தியது. மிச்சம் பிடித்த காசு அதன் டீசலுக்கே போதவில்லை.

அதிர்வுக்கு வரம்பு இருக்கிறது. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைப்படி, ஊரார் வீடுகளில் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழான, அதாவது விநாடிக்கு 8 முறைக்குக் குறைவாக ஆடும், அதிர்வின் வேகம் விநாடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆனால் கல் எப்படி உடைந்தது என்பதை அளப்பதில்லை; கண்ணால் பார்த்து, 'நல்ல வெடி' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

அதற்கும் கணக்கு உண்டு. குஸ்நெட்சோவ் என்ற ஆய்வாளர் சராசரிக் கல் அளவுக்கு 1973-ல் தந்த சூத்திரத்தோடு, நிலக்கரித் தூளுக்காக ரோசினும் ராம்லரும் 1933-ல் போட்ட கணக்கைச் சேர்த்து, தென்னாப்பிரிக்காவின் கன்னிங்ஹாம் 1983-ல், வெடித்தால் கல் எந்த அளவில் உடையும் என்று முன்கூட்டிச் சொல்லும் குஸ்-ராம் முறையைக் கொடுத்தார். தூளுக்குப் போட்ட கணக்கு பாறைக்கு வந்த கதை! அதன்படி, மற்றதெல்லாம் மாறாமல் ஒரு கன மீட்டருக்கான மருந்தை இரட்டிப்பாக்கினாலும் சராசரிக் கல் பாதியாகாது, சுமார் 57 சதவீத அளவில் நிற்கும்.

கணக்கு சரியா என்று பார்க்க, குவியல்மேல் இரண்டு ஃபுட்பால் வைத்துப் படம் எடுத்தால் போதும். பந்தை அளவுகோலாக்கி, மென்பொருள் ஒவ்வொரு கல்லையும் சுற்றிக் கோடு போட்டு அளந்துவிடும். ஒரு சிக்கல்: பொடி இடுக்கில் இறங்கி மறைந்துவிடுவதால் சராசரி பெரிதாகக் காட்டும். அதனால் பாதி லோடு போனபின் இன்னொரு படமும் எடுக்க வேண்டும், கிரஷர் வாயில் சிக்கும் கற்களையும் எண்ண வேண்டும்.

வெடிப் பதிவேட்டில் அதிர்வு அளவுக்குப் பக்கத்தில் இந்தப் படங்களையும் போல்டர் எண்ணிக்கையையும் கட்டாயமாக்க வேண்டும். கோளாறு மருந்திலா, குழி போட்டதிலா என்று அதைப் பார்த்தே அதிகாரிகள் கேள்வி கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிளாஸ்டர்,
கரூர் மாவட்டம்.