ஒப்பந்தப்புள்ளிக்குப் பிறகு கருத்துக் கேட்பா?

ஆசிரியருக்கு,

உள்ளாட்சி மன்றங்கள் குடியிருப்போரிடம் கருத்துக் கேட்கும் முறை பற்றிய தங்கள் தலையங்கம் கண்டேன். எத்தனை பேர் பதில் அளித்தனர் என்பதைவிட, எந்தக் கட்டத்தில் கேட்கப்பட்டது என்பதே முக்கியம். ஒப்பந்தப்புள்ளி கோரிய பின் நடத்தும் கூட்டம் வெறும் அறிவிப்புதான். 1985இல் லண்டனின் பிரென்ட் உள்ளாட்சி மன்றத்துக்கு எதிரான வழக்கில் நான்கு நெறிகள் உருவாயின: திட்டம் உருவாகும் நிலையிலேயே கேட்க வேண்டும், காரணங்களை விளக்க வேண்டும், போதிய அவகாசம் தர வேண்டும், வந்த கருத்துகளை நேர்மையாகப் பரிசீலிக்க வேண்டும். 2014இல் லண்டனின் மற்றொரு உள்ளாட்சி மன்றமான ஹாரிங்கே மீதான வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இவற்றை ஏற்றது. மன்றம் ஒதுக்கிய மாற்று வழிகளை மக்களுக்குச் சொல்லாததைக் குறையாகவும் கண்டது.

வினாத்தாள்களிலும் இதே குறைதான். ‘நூலகச் சேவை மேம்பட வேண்டுமா?’ என்றால் எல்லோரும் ஆம் என்பார்கள். ‘திறந்திருக்கும் நேரத்தைக் குறைப்பதா, ஒரு கிளையை மூடுவதா, வரியை உயர்த்துவதா?’ என்று செலவுக் கணக்கோடு கேட்டால்தான் பயனுள்ள விடை வரும். படிவங்களைத் தொகுக்கும் பணியில் நான் கண்டவரை, இணையத்தில் மட்டும் கேட்டால் அந்தச் சேவையை அதிகம் நம்பியிருக்கும் முதியோரே விடுபடுகின்றனர். எந்தக் கருத்து ஏற்கப்பட்டது, எது ஏன் நிராகரிக்கப்பட்டது என்ற பட்டியலை, மன்ற வாக்கெடுப்புக்கு முன்பே வெளியிடுவதைக் கட்டாயமாக்கலாம்.