டெல்லிப் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு ஒரு கணக்கு வாத்தியார் எழுதுவது

கல்விக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஆர்.கே.புரத்தில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவன் நான். உங்கள் கல்லூரிகளில் கணிதம் ஆனர்ஸ் சேர்ந்த பிள்ளைகள், முதல் இன்டர்னல் (கல்லூரியே வைக்கும் உள்தேர்வு) முடிந்ததும் முகம் தொங்கிப்போய் என்னிடமே திரும்பி வருகிறார்கள். 'இப்போது வருகிறவர்களுக்கு அடிப்படையே இல்லை' என்று வகுப்பிலேயே ஆசிரியர்கள் சொல்கிறார்களாம். இல்லைதான். ஏன் இல்லாமல் போனது?

அப்படி வந்த ஒரு பெண்ணிடம், இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் இரட்டை எண்தான் வரும் என்று நிறுவச் சொன்னேன். 3+5=8, 7+9=16, 11+13=24 என்று எழுதி, கீழே கோடு போட்டு, 'நிறுவப்பட்டது' என்று முடித்துவிட்டாள். "எல்லா ஒற்றை எண்ணுக்கும் பொருந்தணுமேம்மா" என்றேன். "இன்னும் எத்தனை உதாரணம் வேணும் சார்?" என்றாள். மக்கு இல்லை அவள். க்யூட் (CUET) என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வில் நல்ல மார்க் எடுத்துத்தான் உங்களிடம் வந்தாள்.

அந்தத் தேர்வு 60 நிமிடத்தில் 50 கேள்வி. சரியென்றால் 5, தப்பென்றால் மைனஸ் 1. ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. அதன் பாடத்திட்டம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் மட்டும்தான் என்பதால் பதினொன்றை ஒப்புக்கு நடத்துகிற பள்ளிகள் உண்டு. நிறுவுவதைச் சொல்லித் தந்த கணிதத் தொகுத்தறிதல், கணிதத் தர்க்கம் என்ற இரண்டு பாடங்களும் அந்தப் பதினொன்றில்தான் இருந்தன. கொரோனாவுக்குப் பிந்தைய பாடக்குறைப்பில், பாடப்புத்தகம் போடும் மத்திய அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. இரண்டையும் தூக்கிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் நிறுவல் பற்றிப் பின்னிணைப்பு ஒன்று இருக்கிறது. பரீட்சைக்கு வராததை யார் புரட்டுவார்கள்? இப்படி வந்தவளுக்கு நீங்கள் முதல் செமஸ்டரிலேயே, வரிக்கு வரி நிறுவச் சொல்லும் ரியல் அனாலிசிஸ் பாடத்தை வைக்கிறீர்கள்.

இட ஒதுக்கீட்டால் தரம் இறங்கிவிட்டது என்று இந்த இடத்தில் யாராவது கிளம்புவார்கள். ஆயிரக்கணக்கில் கோச்சிங் பீஸ் கட்டிய பொதுப்பிரிவுப் பிள்ளையும் என்னிடம் அதே மூன்று உதாரணத்தைத்தான் எழுதுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்து 100 சதவீதக் கட்-ஆஃப் போட்ட 2021-க்குத் திரும்பிப் போங்கள் என்றும் கேட்கவில்லை. அதுவும் மனப்பாடத்துக்குக் கிடைத்த மார்க்தான்.

முதல் செமஸ்டரில் மதிப்புக் கூட்டுப் பாடத்துக்கென்று (முதன்மைப் பாடத்துக்கு வெளியே எல்லோரும் படிக்கும் சிறு பாடம்) 2 கிரெடிட் ஒதுக்கியிருக்கிறீர்கள். கணித மாணவர்களுக்கு மட்டுமாவது அந்த இடத்தில் நிறுவல் எழுதப் பயிற்சி கொடுங்கள். வாரம் ஒரு தாள், கையால் எழுதியது, எந்த வரியில் தர்க்கம் அறுந்தது என்று குறித்துத் திரும்பி வர வேண்டும். தாளுக்குத் தாள் மார்க் போட வேண்டாம். போட்டால் அதற்கும் கைடு வந்துவிடும். அனாலிசிஸ் இன்டர்னலை நாலு தாளாவது திருத்தி வந்த பிறகு வையுங்கள்.

திருத்த ஆளில்லை என்பீர்கள். எம்.எஸ்சி. மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்கே வழுக்கும் என்று அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது.

இப்படிக்கு,
ஆர்.கே.புரம் டியூஷன் வாத்தியார்