கிளம்புவது வேறு, நிற்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

பனிக்காலத்துக்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத் தயார்செய்வது பற்றிய கட்டுரையில் பேட்டரி, கூலன்ட் பற்றியெல்லாம் சரியாகவே எழுதியிருந்தீர்கள். டயரை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! பட்டறைக்காரன் சொல்கிறேன்: நான்கு சக்கரமும் இழுப்பது வண்டி கிளம்பத்தான் உதவும்; பனியில் நிற்பது டயரின் பிடிமானத்தில்தான். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். குளிர்கால டயரை நான்கிலும் மாட்ட வேண்டும். "இரண்டு போதாதா?" என்று கேட்பவர்களோடு மல்லுக்கட்டியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. டயர் காற்றை வண்டி ஓடுமுன் பாருங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இறங்கும். இரண்டு சக்கர இழுப்பிலிருந்து நான்கு சக்கர இழுப்புக்கு லிவர் போட்டு மாற்றும் வண்டியென்றால், பனி விழுமுன்பே மண்தரையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். காய்ந்த தார்ச்சாலையில் வேண்டாம், முன், பின் சக்கரங்களுக்கு இழுவிசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கெடும்.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்