உயர ஜாக்கி: தூக்குவதைவிட இறக்குவதிலேயே ஆபத்து அதிகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேற்றில் சிக்கிய பிக்கப் வண்டியை, நீண்ட கம்பத்தில் கைப்பிடியால் இயக்கும் உயர ஜாக்கியால் மீட்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். வண்டியைத் தூக்கும் முறையைக் கட்டுரையாளர் தெளிவாகவே விளக்கியிருக்கிறார். ஆனால் தூக்கிய வண்டியை இறக்குவதற்கு ஒரே ஒரு வரியை மட்டும் ஒதுக்கியிருக்கிறார். உடன் வெளியான படத்தில், ஜாக்கியை இயக்குபவர் கைப்பிடிக்கு மேலாகக் குனிந்து நிற்கிறார். கைப்பிடி நழுவினால் அது பாய்ந்து வரும் பாதையில்தான் அவருடைய முகம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துப் புதியவர்கள் அப்படியே நின்றுவிடக் கூடாது என்ற கவலையால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் ஒருவர் இதே நிலையில் நின்றுதான் அடிபட்டார். சக்கரத்தை மாற்றி முடித்து, நட்டுகளை முடுக்கி, வண்டியை இறக்கத் தொடங்கிய நேரம் அது. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததால் கைப்பிடி வழுக்கியது. அது மேலே பாய்ந்து அவருடைய தாடையில் மோதியதை நான் நான்கடி தள்ளி நின்று பார்த்தேன். தாடை எலும்பு முறிந்தது. அவரைத் தாங்கிப் பிடித்து அப்பால் இழுத்துக்கொண்டிருந்தபோதும், சக்கரம் தரையைத் தொடும்வரை கைப்பிடி மேலும் கீழுமாக அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி சாயவில்லை, ஜாக்கியும் உடையவில்லை. கருவி பழுதானதால் நேர்ந்த விபத்து அன்று அது. கருவி தன் இயல்புப்படி இயங்கியதால் நேர்ந்தது.

அந்த இயல்பைச் சொல்லாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. வரிசையாகத் துளையிட்ட நீண்ட எஃகுக் கம்பம் ஒன்றில் இரண்டு பின்கள் மாறி மாறி நுழைந்து பளுவைத் தாங்குவதே உயர ஜாக்கியின் அமைப்பு. தூக்கும்போது கைப்பிடியை நாம் கீழே அழுத்துகிறோம்; பளு மேலேறுகிறது. மாற்று நெம்பைக் கீழே தள்ளி இறக்கும் நிலைக்குக் கொண்டுவந்ததும் விசையின் திசை மாறிவிடுகிறது. கைப்பிடி மேலே செல்லும் ஒவ்வொரு முறையும் வண்டியின் பளுவே அதை நம் கைக்கு எதிராக மேல்நோக்கித் தள்ளுகிறது. தூக்கும்போது நாம் பளுவை எதிர்த்தோம். இப்போது அதே பளுவை நம் கையால் தடுத்து மெல்ல விடுகிறோம். பிடி தளர்ந்தால் பின்கள் ஒன்றையொன்று அடுத்து விடுபட, கைப்பிடி யாராலும் நிறுத்த முடியாத வேகத்தில் அடிக்கத் தொடங்கும். அந்த வேளையில் அதை எட்டிப் பிடிக்க முயல்வது கையை முறித்துக்கொள்வதற்குச் சமம். விலகி ஓடி, அது தானாக அடங்கும்வரை காத்திருப்பது ஒன்றே வழி.

ஆகவே கைப்பிடியை முழு நீளத்தில், நுனிக்கு அருகே, உலர்ந்த இரு கைகளாலும் இறுகப் பற்ற வேண்டும். தலையும் உடலும் கைப்பிடிக்கும் கம்பத்துக்கும் இடையில் வராதவாறு ஒருபுறம் ஒதுங்கி நிற்க வேண்டும். மாற்று நெம்பைத் தள்ளுவதற்கு முன் கைப்பிடி கம்பத்தோடு ஒட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். கைப்பிடி தாழ்ந்திருக்கையில் நெம்பைத் தள்ளுபவர்கள்தாம் பெரும்பாலும் முதல் அடியை வாங்குகிறார்கள். படிப்படியாக இறங்குவதற்கு ஜாக்கியின் மீது ஏறத்தாழ 70 கிலோவாவது பளு இருந்தாக வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. சக்கரம் தரையில் பதிந்து பளு குறைந்தவுடன் தாங்கும் பகுதி சட்டென்று வழுக்கி அடிவரை விழும். விரல்களை அங்கே வைத்திருக்கக் கூடாது.

இந்த ஜாக்கி பண்ணை வேலையில் பேர்பெற்ற கருவி. ஹை-லிஃப்ட் என்ற பெயரில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1905 முதல் இது தயாராகிவருகிறது. வேலிக் கம்பங்களைப் பிடுங்கவும் கனத்த பண்ணைக் கருவிகளைத் தூக்கவும் விவசாயிகள் அதைப் பயன்படுத்தினார்கள். தட்டையான எஃகு பம்பர் கொண்ட பழைய வண்டிகளுக்கு அது பொருந்தியது. இன்றைய பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பம்பர் பிளாஸ்டிக் உறையாலும் வளைந்த மெல்லிய தகட்டாலும் ஆனது. பளுவைத் தாங்கும் ஜாக்கியின் குறுகிய நாக்கை அங்கே கொடுத்தால் ஒன்று தகடு நசுங்கும், அல்லது நாக்கு வழுக்கும். கதவுக்குக் கீழுள்ள தகடும் அப்படியே. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிணைத்த எஃகு பம்பரோ, பக்கவாட்டு எஃகுக் குழாயோ, சக்கரத்தையே பற்றித் தூக்கும் கொக்கியோ இல்லாத வண்டிக்கு உயர ஜாக்கி ஏற்றதன்று என்பது என் உறுதியான கருத்து. அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் சக்கரங்களை இணைக்கும் அச்சான ஆக்சிலுக்கு அடியில் வைக்கும் குட்டையான பாட்டில் ஜாக்கியையும் தடித்த பலகை ஒன்றையும் எடுத்துச் செல்வதே நல்லது. சக்கரம் தரையைவிட்டு எழ, ஆக்சிலில் வைத்துத் தூக்கினால் சில அங்குலங்களே போதும். பம்பரில் வைத்துத் தூக்கினாலோ, ஸ்பிரிங் தளர்ந்து ஆக்சில் தொங்கிக்கொண்டே வருவதால் வண்டியின் உடலை வெகு உயரத்துக்கு ஏற்ற வேண்டியிருக்கும். ஏற ஏற, நாலடி உயரக் கம்பத்தின் உச்சியை நோக்கி நகரும் அந்தப் பளு பக்கவாட்டில் சிறிது அசைந்தாலும் சாய்ந்துவிடும். ஆக்சிலைச் சேசிஸோடு பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டுத் தூக்கினால் இந்த உயரத்தை வெகுவாகக் குறைக்கலாம்.

கட்டுரையில், வண்டியை 'பார்க்' கியரில் நிறுத்தினால் போதும் என்று வந்திருக்கும் ஒரு வரியையும் திருத்த வேண்டும். பின்சக்கரம் ஒன்று தரையைவிட்டு எழுந்துவிட்டால், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பின் தன்மையால் அந்தரத்தில் உள்ள சக்கரம் ஒரு திசையில் சுழல, தரையிலுள்ள மற்றச் சக்கரம் எதிர்த்திசையில் உருள முடியும். கியர் பூட்டியிருந்தும் வண்டி நகர்ந்துவிடும். நகரும் வண்டியைத் தடுக்க இந்த ஜாக்கிக்கு வலுவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்த பிறகே தூக்க வேண்டும். சக்கரத்தின் நட்டுகளை, அது தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட வேண்டும். அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தோடு ஸ்பேனரை வைத்து மல்லுக்கட்டினால் அந்த உலுக்கலே வண்டியைத் தள்ளிவிடும்.

ஜாக்கியின் அடித்தட்டு ஏறத்தாழ 7 அங்குல நீளமே உள்ளது. சேற்றில் அது புதையும். அதுவும் ஒரு பக்கமாகப் புதையும். தடித்த மரப்பலகையோ அதற்கென்றே வரும் அகன்ற அடிப்பலகையோ இல்லாமல் இளகிய நிலத்தில் தூக்கவே கூடாது. தூக்கிய வண்டியைக் கம்பத்தோடு சேர்த்துப் பக்கவாட்டில் தள்ளிவிட்டுப் பள்ளத்திலிருந்து வெளியேற்றும் வித்தையைச் சிலர் காட்டுவதுண்டு. அதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கம்பம் விழும் திசையை முன்கூட்டிச் சொல்ல யாராலும் இயலாது. தூக்கிய சக்கரத்தின் அடியில் கல்லையும் கட்டையையும் நீண்ட கோலால் தள்ளிப் பள்ளத்தை நிரப்பிவிட்டு, வண்டியை நேராக இறக்குவதே பாதுகாப்பானது. உயர ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்கி நிற்பதற்கானதன்று. ஸ்டெப்னியைச் சேசிஸுக்கு அடியில் படுக்கவைப்பது கூடுதல் காப்பு. ஆனால் அதை நம்பியும் எவரும் அடியில் நுழையலாகாது.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. வண்டிக்கு வெளியே மாட்டியிருக்கும் ஜாக்கியில் மழையும் மண்ணும் புகுந்து பின்கள் இறுகிவிடுகின்றன. துளையில் முழுமையாக நுழையாத பின் எப்போது நழுவும் என்று தெரியாது. பின்களையும் அவற்றின் ஸ்பிரிங்குகளையும் மண்போகத் துலக்கி, இலேசான எண்ணெய் இட்டு, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே இயக்கிப் பார்க்க வேண்டும். பளு மிகும்போது தானாக முறிவதற்கென்று வைத்த காப்பு போல்ட்டுக்குப் பதிலாக, கிடைத்த ஏதோ ஒரு கெட்டியான போல்ட்டைப் பொருத்தியிருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் அதை இன்றே மாற்ற வேண்டும்.

தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தை வாசிப்பவர்களில் பலர் இளைஞர்கள். முதல் ஜாக்கியை வாங்கிய கையோடு பாதையில்லாத இடங்களுக்குக் கிளம்புகிறவர்கள் அவர்கள். வண்டியை இறக்கும் முறையைத் தனிக் கட்டுரையாக வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதனுடன் வரும் படத்தில், இயக்குபவர் கைப்பிடிக்கு ஒருபுறம் ஒதுங்கி, முகத்தை விலக்கி, இரு கைகளாலும் கைப்பிடியைப் பற்றி நிற்பதாக இருக்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்